பொரி தின்ற கார் கண்ணாடி

அத்தியாயம் 6

கண்ணாடி ஏறியது. மேல் விளிம்பு வரை போய் நின்றது. ஜூடி பட்டனிலிருந்து விரலை எடுத்தாள். அவ்வளவுதான். யாரும் தொடாமலே கண்ணாடி மறுபடி இறங்கியது, வழியெல்லாம் அப்பளம் நொறுங்குகிற மாதிரி சத்தம் போட்டுக்கொண்டு.

"பேய் கீது நைனா," என்றாள் ஜூடி.

"பேய்க்குக் கார் கண்ணாடில இன்னா வேலை?"

"காத்து வாங்குது. ராயபுரத்து வெயில் அதுக்கும்தான் தாங்கல."

வால்டர் சிரிக்கவில்லை. துறைமுக கேட்டில் முப்பத்தோரு வருஷம் காவல் வேலை பார்த்தவர். வெளியே போகிற ஒவ்வொருவனுடைய சாப்பாட்டு டப்பாவையும் திறந்து, சோற்றைக் கிளறிப் பார்த்துத்தான் அனுப்புவார். ரிட்டயர் ஆன பிறகும் அந்தக் குணம் போகவில்லை. போலீஸ் சொன்னால் பாதி நம்புவார், மெக்கானிக் சொன்னால் கால். அதனால்தான் அக்கம்பக்கத்தில் ஏதாவது மர்மம் என்றால் இவரைத் தேடி வருகிறார்கள்.

ஜூடி அவருக்குச் சொந்தமில்லை. கல்மண்டபத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறாள். வால்டருக்குத் தெரியாத கரண்ட் விஷயம் அவளுக்குத் தெரியும். அவள் வாய்க்குத்தான் ஃபியூஸே கிடையாது.

கார் பக்கத்துத் தெரு ஃப்ளோரன்ஸுடையது. மாட்டிக்கொண்டிருப்பது அவள் மகன் ஜெரி.

பத்து நாளைக்கு முன்னால், ஆயுத பூஜை அன்று சாயங்காலம், விம்கோ நகரில் ராமசெல்வி என்பவளின் டீக்கடைக்குள் இந்தக் கார் புகுந்துவிட்டது. பெஞ்சு இரண்டு துண்டு. பித்தளை பாய்லர் சப்பை. கார் நிற்காமல் ரிவர்ஸ் எடுத்து ஓடிவிட்டது. ராமசெல்வி உள்ளே வடை போட்டுக்கொண்டிருந்தவள், ஓடி வருவதற்குள் பின்பக்கம்தான் கண்ணில் பட்டது. நம்பரை மனப்பாடம் பண்ணிப் போலீஸில் சொல்லிவிட்டாள்.

அன்றைக்கு ஃப்ளோரன்ஸ் வேளாங்கண்ணியில். வீட்டில் ஜெரி மட்டும்.

"ஜுரம் அங்கிள். மூணு நாளு எழுந்துக்கவே இல்ல," என்றான் ஜெரி.

"டாக்டரு?"

"போகல. மாத்திரை போட்டுகினு படுத்துட்டேன்."

"ஜுரம் வந்தா சாட்சியோட வரணும்டா," என்றாள் ஜூடி.

ஜெரிக்கு இருபத்தாறு வயது. இரண்டு வருஷம் காத்திருந்து ஒரு கப்பலில் வேலை கிடைத்திருக்கிறது. நாளை மறுநாள் மும்பையில் ஏற வேண்டும். அதற்கு ஸ்டேஷனிலிருந்து, கேஸ் ஏதும் இல்லை என்று ரிப்போர்ட் போக வேண்டும். இன்றைக்குத்தான் கடைசி நாள். சப்-இன்ஸ்பெக்டர் பெர்சிஸ் சொல்லிவிட்டார்: ஐந்து மணிக்கு வண்டியோடு வா, வேறு ஆள் ஓட்டினான் என்பதற்கு ஏதாவது இருந்தால் கொண்டு வா, இல்லாவிட்டால் எஃப்.ஐ.ஆர். எஃப்.ஐ.ஆர். விழுந்தால் கப்பல் போயிற்று.

இப்போது மணி இரண்டு.

"வண்டி அன்னிக்கு இங்க இல்லன்றியா?" என்றார் வால்டர்.

"ஷெட்டுல இருந்துது அங்கிள். பின்னாடி லெப்ட் கண்ணாடி ஏறலன்னு ரஷீது பாய் ஷெட்டுல வுட்டிருந்தோம். ஆனா பாய் இன்னா சொல்றாரு, பூஜைக்கு மொத நாளே ஆள் வந்து தெருவுல நிறுத்திட்டு, சாவிய ஜன்னல்ல போட்டுட்டுப் போயிட்டான்னு. நான் ஜுரம் வுட்டு மூணாவது நாளு வெளிய வந்து பாக்கறேன், வண்டி நிக்குது. எப்ப வந்துதுன்னு எனக்கு இன்னா தெரியும்?"

"முக்குக் கடையில கேமரா கீதே?"

"கேமரா கீது. ஒயர்தான் இல்ல," என்றாள் ஃப்ளோரன்ஸ். "திருடன் பயப்படறதுக்கு மாட்டி வச்சிகிறாரு."

வால்டர் காரைச் சுற்றி வந்தார். முன் பம்பரில் பித்தளை உரசிய கீறல் பளபளத்தது. மோதியது இதே கார்தான், சந்தேகமில்லை. எவன் ஓட்டினான் என்பதுதான் பாக்கி.

"பின்னாடி கண்ணாடிதானே ரிப்பேரு? இந்த டிரைவர் பக்கத்துக் கண்ணாடி எப்பலேந்து இப்பிடி?"

"ஷெட்டுலேர்ந்து வந்தப்புறம்தான் நைனா," என்றாள் ஃப்ளோரன்ஸ். "நாலு வருஷம் முன்னாடி புதுசா எடுத்த வண்டி. இந்தக் கண்ணாடி ஒரு நாளும் மக்கர் பண்ணதில்ல. ஒண்ணை ரிப்பேருக்கு வுட்டா இன்னொன்ன கெடுத்துக் குடுத்துகிறாங்க."

வால்டரின் புருவம் ஏறியது. அது தானாக இறங்கவில்லை.

"ஜூடி, பாரு."

ஜூடி வேலையில் இறங்கினாள். மற்ற மூன்று கண்ணாடிகளையும் ஏற்றி இறக்கினாள். சொன்ன பேச்சு கேட்டன.

"ஃபியூஸ் நல்லா கீது. மோட்டாரும் நல்லா கீது, ஏறும்போது எறங்கும்போது ரெண்டு பக்கமும் கணீர்னு கத்துது."

"கண்ணாடியப் புடிச்சிகினு கீற கம்பி அறுந்து நழுவுதோ?"

"அங்கதான் விஷயம் நைனா. கம்பி அறுந்தா கண்ணாடி கம்முனு வுழும். மோட்டார் வாயே தொறக்காது. இது மோட்டார் ஓடிகினே எறங்குது. அப்டின்னா எவனோ 'எறங்கு, எறங்கு'ன்னு கரண்ட்ல சொல்லிகினே கீறான்."

ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்துக் கதவின் கைப்பிடியிலிருந்த சுவிட்சை நெம்பி எடுத்தாள். கண்ணாடியை ஒரு தரம் ஏற்றிவிட்டு, அடியில் செருகியிருந்த ஒயர் கொத்தைப் பிடுங்கினாள். பாதி வழியில் இறங்கிக்கொண்டிருந்த கண்ணாடி அப்படியே நின்றது.

"பாத்தியா? சுவிட்சுதான் திருடன்."

செல்போன் வெளிச்சத்தைச் சுவிட்சின் இடுக்கில் அடித்தாள். பட்டனுக்கும் சட்டத்துக்கும் நடுவே மஞ்சளாக ஏதோ காய்ந்து இறுகியிருந்தது. பட்டன் 'இறங்கு' பக்கம் சாய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. மஞ்சளின் மேலே சின்னதாகச் சிவப்பு.

"துருவா?" என்றார் வால்டர்.

ஜூடி மூக்கருகே கொண்டு போனாள். கண் விரிந்தது. "துருவுல வாசனை வருமா? மோந்து பாரு."

வால்டர் முகர்ந்தார். சந்தனம். மேலே குங்குமம்.

"எங்கூட்டு வண்டில சந்தனமா?" ஃப்ளோரன்ஸ் சிலுவை போட்டுக்கொண்டாள். "வாங்கின அன்னிக்கு ஃபாதர் மந்திரிச்ச தண்ணி தெளிச்சாரு. அதுவும் பானட் மேலதான்."

"அப்ப அந்த நொறுங்கற சத்தம் இன்னா?" வால்டர் கண்ணாடி ஓடும் ரப்பர் பள்ளத்தைக் காட்டினார். ஜூடி ஊசியை விட்டுக் கிளறினாள். வெள்ளையாக ஒன்று வந்தது. இன்னொன்று. கூடவே பாதி பொட்டுக்கடலை. ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"பொரி நைனா. நமுத்துப் பூட்ச்சி."

"எவிடென்ஸைத் தின்றியா நீ?"

"ஒண்ணுதான். மீதிய கோர்ட்டுக்குக் குடுத்துக்கலாம்."

வால்டர் காரின் மேல் ஓங்கித் தட்டினார். "ஜெரி, சிரிடா. சந்தனம், குங்குமம், பொரி, கடலை. இந்த வண்டிக்கு ஆயுத பூஜை போட்டுகிறாங்க. உங்க தெருவுல அதைப் போட ஆள் இல்ல. பூஜை அன்னிக்கு வண்டி வேற எங்கியோ இருந்துகிது. முந்தின நாளே கொண்டாந்து வுட்டேன்னு சொன்னவன் பொய் சொல்றான்."

ஜெரி நிஜமாகவே சிரித்துவிட்டான். ஜூடி சுவிட்சைச் சுத்தம் பண்ணத் துணியை எடுத்தாள். வால்டர் அவள் கையைப் பிடித்தார்.

"தொடாத. கோளாறோட அப்டியே மாட்டு."

"ரிப்பேர் பண்ணாதன்னு சொல்ற மொத கஸ்டமர் நீதான் நைனா."

ஃப்ளோரன்ஸ் ஜெபமாலையோடு கோயிலுக்கு ஓடினாள். ஜெரி ஓட்ட, மூவரும் திருவொற்றியூருக்குக் கிளம்பினார்கள். ஏறாத கண்ணாடி வழியாக லாரிப் புகை முழுதும் உள்ளே வந்தது. ஷெட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஜெரியின் முகத்தில் பாதி கறுப்பு, பாதி சிவப்பு.

ரஷீது பாய் காருக்கடியிலிருந்து உருண்டு வெளியே வந்தார். விஷயத்தைக் கேட்டதும் தாடியைத் தடவினார்.

"நம்ம ஷெட்டுல பூஜையா? இன்னா வால்டரு, என்னைத் தெரியாதா உனக்கு? அன்னிக்கு ரெண்டு நாளும் ஷட்டரே தூக்கல. நானே மாமியார் வூட்ல பிரியாணி துன்னுகினு இருந்தேன்."

வால்டர் நம்பவில்லை. ஷெட்டைச் சுற்றினார். கிரைண்டரைப் பார்த்தார், கம்ப்ரஸரைப் பார்த்தார், ஜாக்கியைத் திருப்பிப் பார்த்தார். கிரீஸும் கறுப்பும்தான். ஒரு பொட்டுச் சந்தனம் கிடையாது. பாய் சொன்னது உண்மை. வால்டருக்கு அது பிடிக்கவில்லை.

"போச்சு. கேஸ் பஞ்சர்," என்றாள் ஜூடி. ஜெரியின் முகம் மறுபாதியும் கறுத்தது.

"அது இன்னாது?" வால்டர் மேஜையின் அடியைக் காட்டினார். நீலத் தகரப் பெட்டி. மூடியில் அழகாக மூன்று சந்தனப் பொட்டு. திறந்தார். டெஸ்ட் லாம்ப், கட்டிங் பிளேயர், மீட்டர். எல்லாவற்றிலும் பொட்டு. மீட்டரின் பட்டன் மேலேயே ஒரு பொட்டு.

ஜூடி மீட்டரை வாங்கி பட்டனை அமுக்கினாள். அமுங்கியது. திரும்பி வரவில்லை.

"எவன் நைனா இவன்? எல்லாரும் மிஷினுக்கு நெத்தில பொட்டு வைப்பான். இவன் கண்ணுக்குள்ளியே வைக்கிறான்!"

"அது நம்ம எலக்ட்ரீசியனோட பொட்டி," என்றார் ரஷீது. "தெக்கத்தி ஆளு, உச்சிமாகாளின்னு பேரு. தங்கமான வேலைக்காரன். ஆனா பக்தி ஜாஸ்தி. நான் பூஜை போட மாட்டேன்னு அவனுக்குப் பேஜாரு. தொழில் பண்ற சாமானெல்லாம் வருஷா வருஷம் வூட்டுக்கு எத்துனு போயி பூஜை போட்டு எத்துனு வருவான்."

"இந்த வருஷம் தொழில் பண்ணிகினு இருந்த சாமான்ல இந்தக் காரும் ஒண்ணு," என்றார் வால்டர்.

ரஷீது பாய் தலையில் கை வைத்தார். "வண்டிய மொத நாளே வுட்டுட்டேன்னு அவன்தான் எனக்குச் சொன்னான். அல்லா!"

"இப்ப எங்க அவன்?"

"அரை நாள் லீவு. போலீஸ் ஸ்டேஷன்ல ஜோலி கீதுன்னு சொல்லிட்டுப் போனான்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "சரண்டர் ஆகப் போறான்!" என்று ஜெரி கத்தினான். சாவியைப் போட்டுத் திருகினான். ஜூடி ஒரு காலை வெளியே வைத்திருக்கும்போதே வண்டி நகர்ந்துவிட்டது.

"கதவையாச்சும் மூட வுடுடா! நீ கப்பல் ஏறணும்னு நான் பாடை ஏறணுமா?"

ஸ்டேஷனுக்குள் நுழைந்தபோது மணி நாலு இருபது. எவனும் சரணடைந்துகொண்டிருக்கவில்லை. சப்-இன்ஸ்பெக்டர் பெர்சிஸின் மேஜைக்கு முன்னால் ஒரு பெண் நின்று கொதித்துக்கொண்டிருந்தாள். டீக்கடை ராமசெல்வி. அவளுக்குப் பின்னால் அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு ஒரு ஒல்லி ஆள், தரையையே பார்த்தபடி.

"இந்தப் பையனா?" ராமசெல்வி ஜெரியைத் தலையிலிருந்து கால்வரை அளந்தாள். "பாக்க அப்பிராணி கணக்கா இருக்கான். எங்க அப்பா கடையில இருந்து கொண்டாந்த பாய்லரு தெரியுமாலே அது? அதைச் சப்பளிச்சிட்டு ஒரு வார்த்தை கேக்காம ஓடுனல்லா? உள்ள போடுங்கம்மா இவன!"

"அக்கா, நான் இல்லக்கா…" என்றான் ஜெரி.

"மோதுனவன் எவன் மோதுனேன்னு சொல்லுவான்?"

பெர்சிஸ் கையைக் காட்டி அடக்கினார். "எழுதியாச்சு. படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்க. சாட்சி யாரு?"

"எங்க வீட்டுக்காரவிய. இந்தா நிக்காவல்லா."

"பேர் சொல்லுங்க."

ஒல்லி ஆள் பையை இறுக்கிக்கொண்டான். "உச்சிமாகாளி."

ஜூடி வால்டரின் காலை மிதித்தாள். வலித்திருக்க வேண்டும், வால்டருக்குத் தெரியவே இல்லை. சரணடைய வந்தவன் இல்லை இவன். தான் செய்த காரியத்துக்குத் தானே சாட்சிக் கையெழுத்துப் போட வந்தவன்!

"நைனா," ஜூடி காதோடு கிசுகிசுத்தாள், "இவன் மோதினது சொந்தப் பொண்டாட்டி கடையில!"

"வாய மூடு. அவன் வாய் தொறக்கணும், உன் வாய் இல்ல."

வால்டர் பெர்சிஸிடம் போனார். "மேடம், கையெழுத்துக்கு முன்னாடி வண்டிய ஒரு தபா பாத்துடுங்க. டிரைவர் பக்கத்துக் கண்ணாடி ஏற மாட்டேங்குது."

"கண்ணாடிக்கும் கேஸுக்கும் என்ன சம்பந்தம்?"

"ஏத்திக் காட்டுங்க, சொல்றேன்."

பெர்சிஸ் வெளியே வந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். பட்டனைத் தூக்கினார். கண்ணாடி ஏறியது. விட்டார். இறங்கியது. மறுபடி. மறுபடி இறங்கியது. ஏட்டு ஒருவர் வந்து குத்திப் பார்த்தார். ஜெரி கண்ணாடியையே இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தான். ஒரு வேடிக்கைக் கூட்டமே சேர்ந்துவிட்டது. ஆளுக்கொரு யோசனை. ஒருத்தர் பேட்டரியைக் கழற்றச் சொன்னார்.

வால்டர் காரைப் பார்க்கவில்லை. உச்சிமாகாளியின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறியது. விரல்கள் துடித்தன. எலக்ட்ரீசியன் ஒருத்தன் முன்னால் நாலு பேர் தப்புத் தப்பாக ஒரு பட்டனைக் குத்தினால் எத்தனை நேரம் தாங்குவான்?

ஒரு நிமிஷம்கூடத் தாங்கவில்லை.

"அப்படி இல்ல மேடம், தள்ளுங்க," என்று உச்சிமாகாளி ஜன்னல் வழியாகக் கையை விட்டான். கட்டைவிரலால் பட்டனின் இடது மூலையை அமுக்கினான், ஆள்காட்டி விரல் நகத்தை அடியில் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினான். கண்ணாடி ஏறியது. நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

கூட்டம் கை தட்டியது. பெர்சிஸ்கூட, "அட!" என்றார்.

"சூப்பர்பா," என்றார் வால்டர். "நாங்க மூணு பேரு மண்டைய ஒடச்சிகினோம். நீ எப்ப கத்துகின இந்த வித்தைய?"

"அன்னைக்கே பிடிபட்டுட்டு சார். ரெண்டு தெரு சுத்துததுக்குள்ள…"

நிறுத்தினான். நிறுத்தியது நேரம் கடந்து.

கேள்வியைக் கேட்டது வால்டர் இல்லை. பெர்சிஸும் இல்லை.

"எந்த அன்னைக்கு?" என்றாள் ராமசெல்வி.

ஒரு கன்டெய்னர் லாரி முழுதாகக் கடந்து போனது.

"பூஜைக்கு மொத நாளே வண்டிய வுட்டுட்டேன்னு இவரு பாய்கிட்ட சொன்னாரு," என்றார் வால்டர். "அன்னிக்கு இந்தக் கண்ணாடிக்கு ஒரு கோளாறும் இல்ல. கோளாறே பூஜைச் சந்தனம் சுவிட்சுக்குள்ள எறங்கினதாலதான். பூஜைக்கு அப்புறம் ஓட்டினவனுக்குத்தான் இந்த நெம்பு தெரியும்."

ராமசெல்வி புருஷனை மட்டும் பார்த்தாள். "ஏங்க. சொல்லுங்க."

"செல்வி… பெறவு சொல்லுதேனே…"

"இப்பச் சொல்லுங்க."

பை கீழே விழுந்தது. "நீதான சொன்ன? கல்யாணமாயி பதினேழு வருசத்துல ஒரு நாளு காருல முன் சீட்டுல ஒக்காரலன்னு. தெனமும் இருவது வண்டிக்கு ஒயர் மாட்டுத, ஒண்ணுல ஏத்துனியான்னு கேட்டேல்லா? நல்ல நாளு. வண்டிக்குப் பூஜை போட்டு, அப்படியே ஒன்ன ஏத்திக்கிட்டு வடிவுடையம்மன் கோயிலுக்குப் போலாம்னு வந்தேன். சொல்லாம வந்து நின்னா சந்தோசப்படுவேன்னு… ஒன் கடைத் தெரு முக்குல வரச்சில மறுபடியும் கண்ணாடி இறங்குச்சு. குனிஞ்சு பட்டன நெம்புதேன். நிமிந்து பாத்தா பாய்லரு."

ஜூடி வாயைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பினாள். தோள் குலுங்கியது.

"நின்னிருக்கலாமேய்யா," என்றார் பெர்சிஸ்.

"கரண்டியோட வெளிய வந்தா மேடம். நீங்க பாக்கல அவ மொகத்த."

ஜெரி மெதுவாகக் கேட்டான். "அண்ணே, பத்து நாளா என்னைத் தேடிகினு கீறாங்கன்னு தெரியும்ல? என் கப்பலு…"

உச்சிமாகாளி அவனைப் பார்க்க முடியாமல் தலை குனிந்தான். "நேத்துத்தான் தம்பி தெரியும், ஒன் பேரு. ராத்திரி பூரா ஒறங்கல. கையெழுத்துப் போடுத எடத்துல உண்மையச் சொல்லிரணும்னுதான் வந்தேன். இவள பக்கத்துல பாத்ததும் நாக்கு ஒட்டிக்கிட்டு."

அதை வால்டர் நம்பவில்லை. ராமசெல்வி நம்பினாள் போலிருந்தது. நேராக உள்ளே போய் மேஜைமேல் இருந்த தாளை எடுத்து வந்தாள்.

"இது வேண்டாம்மா. நான் வாபஸ் வாங்கிக்கிடுதேன்."

"மோதிட்டு நிக்காமப் போயிருக்கார். அது தப்பு இல்லையா?"

"நிக்காம எங்க போனாவ? வண்டிய இந்தத் தம்பி தெருவுல விட்டுட்டு வீட்டுக்குத்தான் வந்தாவ. வந்து எங்கூட ஒக்காந்து, மோதுனவன நாசமாப் போவான்னு பத்து நாளா திட்டுனாவ. அதுக்கு என்ன தண்டனையோ அத நான் பாத்துக்கிடுதேன்."

பெர்சிஸ் சிரிப்பை அடக்கத் தொப்பியைச் சரி செய்தார். ஆனால் சும்மா விடவில்லை. ஓட்டியது நான்தான், ஜெரிக்கு இதில் சம்பந்தமில்லை என்று உச்சிமாகாளி கைப்பட எழுதிக் கொடுத்தான். பாய்லரை அவனே நிமிர்த்தித் தர வேண்டும், கார் சுவிட்சையும் மாற்றித் தர வேண்டும். பட்டன் மேலே இனிமேல் பொட்டு வைக்கவே கூடாது. கடைசியாகச் சொன்னது ஜூடி. அதையும் சேர்த்து எழுதினான்.

நாலு ஐம்பத்திரண்டுக்கு ஜெரியின் ரிப்போர்ட் போனது. வால்டர் கம்ப்யூட்டர் திரையைத் தன் பக்கம் திருப்பச் சொல்லி, பேரையும் அப்பா பேரையும் இரண்டு தடவை படித்துப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. அதற்கப்புறம்தான் அவன் தோளைத் தட்டினார்.

வெளியே ராமசெல்வி ஜெரியின் முன்னால் வந்து நின்றாள். "உள்ள போடுங்கன்னு சொல்லிட்டேன் ஒன்ன. மனசுல வச்சிக்கிடாத தம்பி."

ஜெரி யோசித்தான். கோபப்பட அவனுக்கு எல்லா உரிமையும் இருந்தது. ஆனால் கப்பல் கிடைத்தவனுக்குக் கோபம் எங்கிருந்து வரும்? காரின் முன்கதவைத் திறந்து பிடித்தான்.

"ஏறுக்கா. கோயிலுக்குப் போலாம்."

ராமசெல்வி முந்தானையைச் சரி செய்தாள். சீட்டைக் கையால் ஒரு தரம் தடவினாள். உட்கார்ந்தாள். நேராக, போட்டோவுக்கு உட்காருகிற மாதிரி.

உச்சிமாகாளி அவசரமாக டிரைவர் கதவுப் பக்கம் சுற்றி ஓடினான்.

"பின்னால," என்றாள் ராமசெல்வி, திரும்பிப் பார்க்காமலே.

அவன் பின்னால் ஏறிக்கொண்டான். ஜெரி ஹாரன் அடித்தான், தேவையே இல்லாமல் மூன்று முறை. கார் வளைந்து கிளம்பிப் போனது.

ஜூடி அது மறையும்வரை கையை ஆட்டினாள். பிறகு ஆட்டின கையை மெதுவாக இறக்கினாள்.

"நைனா. நாம வந்தது அந்த வண்டில."

வால்டர் ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்தார்.

"தெரியும். நட. பஸ் வரும்."

"வரும்னு நீயா சொல்ற? எதையும் நம்ப மாட்டியே!"

"நம்பல," என்றார் வால்டர். "அதான் நடன்னு சொன்னேன்."